இடுப்பில் வெள்ளை ஒட்டியாணம்!

எண்ணெய் காய்ந்துவிட்டது, வாங்க! அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆனால் வாணலி நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். இதோ, உள்ளங்கையில் பாதிகூட வராத மாவு வளையம் ஒன்று எண்ணெய்க்குள் இறங்குகிறது. ஒரு நொடி அமிழ்ந்து, உடனே மேலே வந்து மிதக்கிறது. விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ்கள். முக்கால் நிமிடம் பொறுங்கள். இப்போது திருப்புகிறேன். பார்த்தீர்களா அந்த நிறத்தை! மறுபக்கமும் சிவந்ததும் ஜல்லிக் கரண்டியில் ஏந்தித் தூக்குகிறேன். மேலே பொன்னிறம், கீழே பொன்னிறம், நடுவில் சுற்றிவர ஒரு வெள்ளைக் கோடு. குட்டி டோனட், ஒட்டியாணம் கட்டிக்கொண்டு வந்துவிட்டது!

இந்தக் கோட்டைக் காட்டத்தான் உங்களை அடுப்படி வரைக்கும் கூப்பிட்டேன். கடை டோனட்டிலும் அது இருக்கும். ஆனால் மேலே சாக்லேட்டும் சர்க்கரைப் பூச்சும் கண்ணைப் பறிக்கும்போது இடுப்பை யார் கவனிக்கிறார்கள்? மாவு நன்றாகப் பொங்கி, உள்ளே காற்று நிறைந்திருந்தால் வளையம் எண்ணெயில் பாதிக்கு மேல் மூழ்காது. கீழ்ப்பாதி வேகும்போது மேல்பாதி வெளியே இருக்கும். திருப்பிப் போட்டால் மேல்பாதிக்கு முறை வரும். இடுப்பு மட்டும் இரண்டு தடவையும் எண்ணெய்க்கு மேலேயே தங்கிவிடும். வெள்ளைக்கோட்டின் ரகசியம் இவ்வளவுதான். சரியாகப் பொங்காத மாவு கனத்து அமிழும், அதற்குக் கோடு விழாது. மாவு போதுமான அளவு பொங்கியதா என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம், கோடே சொல்லிவிடும்.

டோனட் செய்வதை நின்று வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது, தெரியுமா? ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய அடால்ஃப் லெவிட், நியூயார்க்கில் ரொட்டிக் கடை வைத்திருந்தார். 1920-இல் அவர் டோனட் செய்யும் தானியங்கி இயந்திரம் ஒன்றை உருவாக்கி, கடையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். மாவு வளையமாக விழுவது, எண்ணெயில் மிதந்து நகர்வது, புரண்டு சிவப்பது எல்லாமே தெருவில் போகிறவர்களுக்கு அப்படியே தெரிந்தது. நடைபாதையில் கூட்டம் கூடிவிட்டது! பார்க்க வந்தவர்கள் வாங்கினார்கள், வாங்கியவர்கள் மறுபடி பார்க்க வந்தார்கள். இன்றைக்கும் சியாட்டில் நகரில், 1907-இல் தொடங்கிய பைக் பிளேஸ் சந்தைக்குப் போனால், குட்டி டோனட்டுக்காகவே ‘டெய்லி டஜன்’ என்று ஒரு கடை உண்டு. இயந்திரத்திலிருந்து வளையங்கள் சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விழுவதைப் பார்த்தபடியே மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். சுடச்சுடக் காகிதப் பையில் அள்ளிக் கொடுக்கிறார்கள்.

அந்த இயந்திரம் சிறுவர் கதைக்குள்ளும் புகுந்துவிட்டது. ராபர்ட் மெக்லாஸ்கி 1943-இல் எழுதிய ‘ஹோமர் பிரைஸ்’ நூலில் ஒரு கதை. அதில் டோனட் இயந்திரம் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, கடை முழுக்க டோனட்டாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். என் அக்கா மகனிடம் இந்தக் கதையைச் சொன்னதும் அவன் கண்கள் விரிந்த விரிவைப் பார்க்க வேண்டுமே! “நம்ம வீட்லயும் அப்படி நிக்காம வருமா சித்தி?”

நிற்காமல் வராது. ஆனால் 250 கிராம் மைதாவில் சுமார் 30 வரும். அது போதும், எங்கள் மதுரை வீட்டுச் சமையலறையே கண்ணாடி ஜன்னலாக மாறிவிடும்.

சரி, எண்ணெய்க்கு முந்தைய கதைக்குப் போவோம். உண்மையான கொண்டாட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

மேடைமேல் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மைதா 250 கிராம், வெதுவெதுப்பான பால் 100 மில்லி, சர்க்கரை 30 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், ஒரு முட்டை, அரை டீஸ்பூன் உப்பு, மெத்தென்று இளகிய வெண்ணெய் 40 கிராம். பால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். விரலை விட்டால் சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்றால் ஈஸ்டுக்குப் பேரானந்தம். 60 டிகிரியைத் தொட்டால் அது செத்துவிடும். ஈஸ்ட் ஓர் உயிர், மறந்துவிடாதீர்கள்! சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான் நமக்கு ஒட்டியாணம் செய்து தருகிற பொற்கொல்லர்.

முன்கூடத்திலிருந்து அம்மாச்சி எட்டிப் பார்க்கிறார். “அந்தப் பொடியப் போட்டாத்தான் பொங்குமா? எங்க காலத்துல ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊத்துவாகளாம்.” எத்தனை சரியான பேச்சு! யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் ஆப்பத்துக்குக் கள் ஊற்றிப் பொங்க வைத்ததற்குக் காரணம், கள்ளுக்குள் இயற்கையாகவே ஈஸ்ட் இருப்பதுதான். பாக்கெட்டில் வருவதும் அந்தக் குலம்தான். அம்மாச்சிக்கு அதைச் சொன்னதும் நாற்காலியை அடுப்படி வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி நமக்கு ஒரு தலைமை நடுவர் இருக்கிறார்.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஆரம்பத்தில் மாவு கையெல்லாம் ஒட்டும், பிசுபிசுக்கும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப் போய் மைதாவை மேலும் மேலும் தூவிவிடுகிறார்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம்! அந்த ஈரம்தான் நாளைக்கு மென்மை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் மாவு தானாகக் கையை விட்டு விலகத் தொடங்கும். அப்போது வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே கொட்டினால் கொழுப்பு மைதாவைச் சூழ்ந்துகொண்டு பசையம் இழுவையாக வளரவிடாது. வெண்ணெய் போனதும் மாவு மறுபடி வழுக்கும், கலங்க வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடம். கடைசியில் ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல விரித்து ஜன்னல் பக்கம் பிடியுங்கள். கிழியாமல் சவ்வாக விரிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறதா? ஜெயித்துவிட்டீர்கள்.

பிறகு மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பு. குளிர் நாடுகளின் சமையல் புத்தகங்களில் மாவைக் கதகதப்பான இடத்தில் வைக்க என்னென்னவோ வழி சொல்லியிருப்பார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லை, மதுரை வெயில் இருக்கிறது! சித்திரையில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரண்டு பங்காகிவிடும். கடிகாரத்தை நம்பாமல் பாத்திரத்தைப் பாருங்கள். என் அக்கா மகன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் துணியைத் தூக்கிப் பார்த்து, “வளந்துருச்சு! இன்னும் வளந்துருச்சு!” என்று கூடத்துக்குச் செய்தி வாசிக்கிறான்.

இனி வரும் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. பொங்கிய மாவை மெதுவாக அமுக்கிக் காற்றை இறக்கி, பூரிக்கட்டையால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வளையம் பிஸ்கட்டாகிவிடும். வெட்டுவதற்கு விசேஷக் கருவி எதுவும் வாங்காதீர்கள். தேன் பாட்டில் மூடி எடுங்கள், நாலரை முதல் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும், குட்டி டோனட்டுக்கு அளவெடுத்துச் செய்ததுதான்! நடு ஓட்டைக்குக் கேக் அலங்கரிக்கிற நாசிலின் அகலமான பக்கம். இரண்டையும் மைதாவில் தொட்டுத் தொட்டு, திருகாமல், நேராக அழுத்தித் தூக்க வேண்டும். திருகினால் விளிம்பு நசுங்கி ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் ஒருபக்கமாகச் சாயும்.

கிடைத்த மூடியால் வெட்டுவதில் ஒரு பரம்பரைப் பெருமை உண்டு. டோனட்டின் நடு ஓட்டைக்குச் சொந்தம் கொண்டாடியவர் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் கப்பல்காரர் ஹான்சன் கிரிகரி. 1847-இல் பதினாறு வயதுப் பையனாகக் கப்பலில் வேலை பார்த்தபோது, நடுவில் வேகாமல் மாவாகவே இருக்கிற பண்டத்தைத் தின்று சலித்துப்போய், மிளகுத்தூள் டப்பாவின் தகர மூடியை எடுத்து நடுவை வெட்டி எறிந்ததாக 1916-இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்குச் சொன்னார். மிளகு டப்பா மூடி! இந்தக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் அம்மாச்சி கேட்டார்: “உளுந்த வடைக்கு நாம எதுக்கு ஓட்டை போடுறோமாம்?” அதேதான். ஓட்டை இருந்தால் சூடு உள்பக்கத்திலிருந்தும் போகும், நடு வெந்துவிடும். கப்பலும் வேண்டாம், மிளகு டப்பாவும் வேண்டாம், ஈர விரல் ஒன்று போதும் நம் ஊருக்கு.

இன்னொரு கதை இதைவிட நெகிழ்ச்சியானது. முதல் உலகப் போரில், 1917-இல், இரட்சணிய சேனையைச் சேர்ந்த மார்கரெட் ஷெல்டன், ஹெலன் பர்வையன்ஸ் என்ற இரண்டு பெண்கள் பிரான்சில் போர்முனைக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு வீட்டுப் பலகாரம் ஏதாவது செய்துகொடுக்க ஆசைப்பட்டார்கள். கையில் இருந்தது மாவு, சர்க்கரை, கொழுப்பு. பூரிக்கட்டை இல்லை, ஒயின் பாட்டிலால் மாவைத் தேய்த்தார்கள். சின்னச் சட்டி, ஒரு தடவைக்கு ஏழு டோனட்தான் பொரிக்க முடிந்தது. மழையிலும் சேற்றிலும் வீரர்கள் வரிசையாக நின்று வாங்கிப் போனார்கள். அந்தப் பெண்களின் நினைவாகத்தான் 1938-இல் சிகாகோவில் டோனட் தினம் தொடங்கியது. ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் இன்றும் கொண்டாடுகிறார்கள். எங்கள் வாணலியிலும் ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுதான் கொள்ளும். போர்முனையிலேயே ஏழு ஏழாகச் சுட்டு ஊருக்கே கொடுத்திருக்கிறார்கள், நமக்கென்ன!

வெட்டிய வளையங்களைத் தாம்பாளத்தில் அப்படியே அடுக்கக் கூடாது. இங்கேதான் தொழில்முறைக் கைகள் செய்கிற அருமையான தந்திரம். பட்டர் பேப்பரைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் அதனதன் காகிதத்தில் வைத்துவிடுங்கள். 20, 25 நிமிடம் மறுபடி பொங்கட்டும். பொங்கிய பிறகு மாவு அவ்வளவு மெல்லியதாகிவிடும், விரல் பட்டாலே குழி விழும். கையால் எடுத்தால் ஒருமணி நேரக் காற்றும் போச்சு. காகிதத்தோடு தூக்கி, காகிதத்தோடே எண்ணெயில் மெல்ல இறக்கிவிட்டால் சில நொடிகளில் காகிதம் தானாகக் கழன்றுகொள்ளும். இடுக்கியால் அதை எடுத்துவிடலாம். வளையம் பூரண வட்டமாக, ஒரு நசுங்கல் இல்லாமல் மிதக்கும். இதை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோருமே “ஆ!” என்கிறார்கள்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். உடனே மேலே வந்து, அமைதியாகக் குமிழிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க வேண்டும். போட்டதும் கருத்தால் அடுப்பைத் தணியுங்கள், அடியிலேயே தங்கினால் கொஞ்சம் பொறுங்கள். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். மணமில்லாத சூரியகாந்தி எண்ணெயே சிறந்தது. செக்குக் கடலை எண்ணெய் முறுக்குக்கு ராஜா, டோனட்டுக்கு வேண்டாம், வெண்ணெய் வாசனையை அமுக்கிவிடும்.

வளையம் எண்ணெயில் விழுந்ததும் மரக்கரண்டியின் காம்பை நடு ஓட்டையில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஓட்டை மூடிக்கொள்ளாது, வட்டமும் அழகாக நிற்கும். ஒருபக்கம் 45 நொடி, மறுபக்கம் 45 நொடி. சூடான எண்ணெயில் இருக்கும்போது மாவிலுள்ள ஈரம் நீராவியாகி வெளியே பீறிடுகிறது. நாம் பார்க்கிற குமிழெல்லாம் அதுதான். அந்தப் பீறிடல் எண்ணெயை உள்ளே விடாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் ஒட்டியிருக்கிற எண்ணெய் பெருமளவு உள்ளே இழுபடுகிறது. அதனால் எடுத்த கையோடு ஜல்லிக் கரண்டியிலேயே ஒரு உதறு உதறி, உடனே காகிதத்தில் போட்டு, ஒரு தரம் புரட்டிவிடுங்கள். இந்தப் பத்து நொடி வேலையைச் செய்கிறவர் வீட்டு டோனட் கையில் பிசுக்கே வைக்காது.

இனி பிள்ளைகளின் நேரம். எண்ணெய்ப் பக்கம் அவர்களுக்கு அனுமதி இல்லை, சர்க்கரைப் பக்கம் முழு ஆட்சியும் அவர்களுக்கே! மேசையில் மூன்று தாம்பாளம். ஒன்றில் 100 கிராம் பொடித்த சர்க்கரையோடு ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூள். இன்னொன்றில் ஐசிங் சுகரை இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாலில் குழைத்த வெள்ளைப் பூச்சு. மூன்றாவது என் செல்லம்: நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. பட்டையும் சர்க்கரையும் உலகமெல்லாம் புகழ்பெற்ற ஜோடிதான், மறுக்கவில்லை. ஆனால் வெண்ணெய் மணக்கும் சூடான டோனட்டின்மேல் நாட்டுச்சர்க்கரை லேசாக இளகி, ஏலக்காய் வாசனை கிளம்புகிற அந்த நொடிக்கு ஈடே இல்லை. ஒருமுறை செய்து பாருங்கள், அடுத்தமுறை பட்டைத்தூள் டப்பாவைத் தேடவே மாட்டீர்கள்.

உலர்ந்த சர்க்கரை என்றால் டோனட் சூடாக இருக்கும்போதே புரட்ட வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. காகிதப் பையில் சர்க்கரையோடு நாலைந்து டோனட்டைப் போட்டு வாயை மடித்துக் குலுக்கச் சொல்லுங்கள். அந்தச் சிரிப்பொலிக்காகவே இன்னொரு ஈடு போடலாம்! பூச்சுக்கு நேர் எதிர்: ஓரிரு நிமிடம் ஆறி, வெதுவெதுப்பானதும் தோய்த்தால்தான் மெல்லிய கண்ணாடிப் படலமாகப் படியும். ரொம்பச் சூட்டில் தோய்த்தால் வழிந்து ஓடிவிடும். சாக்லேட் வேண்டுமென்றால் 100 கிராம் டார்க் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் கலந்தால் பளபளப்பும் வரும், இறுகியதும் மொரமொரவென்று உடையவும் செய்யும்.

நடுவில் வெட்டியெடுத்த உருண்டைகளை மறந்தே போனோமே! தூர எறியவோ மறுபடி பிசையவோ வேண்டாம். அவற்றையும் பொங்கவிட்டுக் கடைசி ஈட்டில் மொத்தமாகப் போடுங்கள். தானாகவே உருண்டு உருண்டு சிவக்கும், திருப்பும் வேலையும் குறைவு. டங்கின் நிறுவனம் 1972-இல் இந்த உருண்டைகளை ‘மஞ்ச்கின்ஸ்’ என்றும், கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் 1976-இல் ‘டிம்பிட்ஸ்’ என்றும் பெயர்சூட்டித் தனிப்பண்டமாகவே விற்கத் தொடங்கின. எங்கள் வீட்டில் அவற்றுக்குப் பெயர் வைக்க நேரம் இருந்ததில்லை, சர்க்கரைத் தட்டை எட்டுவதற்கு முன்பே காணாமல் போகின்றன.

ஏன் குட்டியாகவே செய்ய வேண்டும், பெரியதாகச் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் கட்சியை அழுத்திச் சொல்கிறேன். அழகுக்காக மட்டும் இல்லை. நம் வீட்டு வாணலி குழிந்தது. பெரிய டோனட் இரண்டு போட்டாலே ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், மாவு எண்ணெய் குடிக்கும். குட்டி என்றால் சூடு இறங்காது, ஒன்றரை நிமிடத்தில் நடுவரை வெந்துவிடும், மேல்பக்கம் கருகுவதற்கு வாய்ப்பே குறைவு. சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு கடியிலும் மொரமொரப்பான மேல்தோலும் சர்க்கரையும் கூடுதலாகக் கிடைக்கும். பிள்ளைகள் பாதி தின்று பாதியை வைத்துவிட்டுப் போகிற பேச்சும் இல்லை. வீட்டுச் சமையலறைக்குச் சரியான டோனட் குட்டி டோனட்தான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

முட்டை சேர்க்காத வீடுகளில் அதற்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் போடலாம், மென்மை குறையாது. மின்சார டோனட் மேக்கரில் பேக்கிங் பவுடர் மாவை ஊற்றி எடுப்பது ஒரு நல்ல குட்டிக் கேக், அவசரத்துக்கு உதவும். ஆனால் ஈஸ்ட் மாவின் இழுவையும் இடுப்புக் கோடும் அதில் வராது. மாவை முதல்நாள் இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வெட்டிச் சுடலாம், மணம் இன்னும் கூடும். சுட்ட டோனட்டை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். அந்தக் குளிரில் மாவிலுள்ள ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி, பஞ்சாக இருந்தது மறுநாள் ரொட்டித் துண்டாகிவிடும்.

சுட்டெடுத்து பத்து நிமிடத்துக்குள் தின்பதுதான் இந்தப் பண்டத்தின் உச்சம். எவ்வளவு பெரிய கடையானாலும் பெட்டியில் கட்டி உங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பத்து நிமிடத்தை அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்கு மாவு பிசைந்தால் ஐந்து மணிக் காபிக்கு முதல் ஈடு தயார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுவிடுங்கள், 30 டோனட்டைச் சூடு ஆறுவதற்குள் ஒரு குடும்பம் மட்டும் தீர்க்க முடியாது.